வயரும் வைஃபையும் கலந்த வீட்டு நெட்வொர்க்: எந்தக் கோளாறுக்கு எங்க கை வைக்கணும்

கீழ ஒரு ரவுட்டர், ஹால்ல ஒரு சின்ன ஸ்விட்ச் (ஒரு கேபிள பல கேபிளா பிரிக்கற நெட்வொர்க் பெட்டி), மாடியில இன்னொரு பழைய ரவுட்டர், கம்ப்யூட்டருக்கும் டிவிக்கும் கேபிள், மீதி எல்லாத்துக்கும் வைஃபைன்னு ஒரு வீடு ஆயிட்டா, ஏதாவது தகராறு வந்ததும் எல்லாரும் முதல்ல ஓடறது வைஃபை செட்டிங்ஸுக்குத்தான். சேனல மாத்தறாங்க, பாஸ்வேர்ட மாத்தறாங்க, கடைசியில சிக்னல நீட்ட ஒரு எக்ஸ்டெண்டரும் வாங்கிடறாங்க. ஆனா இந்த மாதிரி கலப்பு செட்டப்புல வைஃபை வயர் மேலதான் நிக்குது. மாடி பாக்ஸுக்குப் போற கேபிள் கெட்டுப்போச்சுன்னா போன்ல சிக்னல் கோடு முழுசா காட்டும், நெட் மட்டும் வராது, ஏன்னா அந்தக் கோடு மாடி பாக்ஸுக்கும் போனுக்கும் நடுவுல இருக்கறத மட்டும்தான் சொல்லுது. அதனால என்ன கோளாறா இருந்தாலும் முதல்ல வயர், அப்புறம்தான் வைஃபை.

லேப்டாப்ப எடுத்து மெயின் ரவுட்டரோட லேன் போர்ட்ல (வீட்டுக்குள்ள போற கேபிள் சொருகற இடம்) நல்ல கேபிளா போட்டு நேரா சொருகுங்க. லேப்டாப்ல வைஃபைய ஆஃப் பண்ணிடுங்க, இத நிறைய பேர் விட்டுடறாங்க, ரெண்டும் ஆன்ல இருந்தா டெஸ்ட் எந்த வழியா போச்சுன்னே தெரியாது. அங்க நெட் ஒழுங்கா வந்தா ஒரு படி தள்ளிப் போங்க, ஸ்விட்ச்ல சொருகிப் பாருங்க, அப்புறம் மாடிக்குப் போற கேபிளோட மறுமுனைய பாக்ஸ்ல இருந்து பிடுங்கி லேப்டாப்ல சொருகிப் பாருங்க, அதுவும் சரின்னா கடைசியா மாடி வைஃபை. எந்தப் படியில கெட்டுச்சோ அந்தப் படியிலதான் வேலை. ரவுட்டர்லயே நேரா சொருகியும் நெட் இல்லன்னா அது ரவுட்டர் அல்லது வெளிய இருந்து வர்ற லைனோட பிரச்சனை, வீட்டுக்குள்ள இருக்கற கேபிளையெல்லாம் நோண்ட வேண்டாம்.

சிலதுக்கு நெட் வருது, சிலதுக்கு வரல, நாளைக்குப் பாத்தா ஆள் மாறியிருக்கு

கலப்பு நெட்வொர்க்ல ரொம்ப அடிக்கடி வர்றதும் ரொம்ப குழப்பறதும் இதுதான். காலையில டிவி ஓடுது போன் ஓடல, ராத்திரி போன் ஓடுது டிவி ஓடல. ரீஸ்டார்ட் பண்ணா சரியாகுது, அப்புறம் மறுபடியும். இப்படி இருந்தா வீட்டுல ரெண்டு பாக்ஸ் ஐபி அட்ரஸ் (நெட்வொர்க்ல ஒவ்வொரு டிவைஸுக்கும் இருக்கற நம்பர்) குடுத்துட்டு இருக்குன்னு முக்காவாசி முடிவு பண்ணிடலாம்.

விஷயம் என்னன்னா, ஒரு டிவைஸ் நெட்வொர்க்ல சேரும்போது எனக்கு ஒரு அட்ரஸ் குடுங்கன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி கத்தும், அதுக்கு பதில் சொல்ற வேலைதான் டிஹெச்சிபி. பழைய ரவுட்டர மாடியில வைஃபைக்காக வெச்சு அதோட லேன் போர்ட்ல கேபிள சொருகிட்டீங்கன்னா, அதுக்குள்ளயும் ஒரு டிஹெச்சிபி ஆன்ல இருக்கும், அதுவும் பதில் சொல்லும். யார் முதல்ல சொல்றாங்களோ அவங்க குடுத்த அட்ரஸ்தான் நிக்கும். பழைய ரவுட்டர் குடுத்தா அது கூடவே கேட்வேன்னு, அதாவது வெளிய போற வாசல்னு, தன்னோட அட்ரஸையே குடுத்துடும், அதுக்கு வெளிய போற வழியே கிடையாது, அப்போ அந்த டிவைஸுக்கு வைஃபை கனெக்டட்னு காட்டும் ஆனா எதுவும் திறக்காது.

பாக்கறது சுலபம். நெட் வர்ற ஒரு டிவைஸ்லயும் வராத ஒரு டிவைஸ்லயும் கேட்வே என்னன்னு பாருங்க. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) கமாண்ட் அடிச்சா டீஃபால்ட் கேட்வேன்னு ஒரு வரி வரும், போன்ல அந்த வைஃபை பேரத் தொட்டு டீடெய்ல்ஸ் போனா ரவுட்டர் அல்லது கேட்வேன்னு இருக்கும். ஒண்ணுல 192.168.1.1, இன்னொண்ணுல 192.168.0.1-ன்னு வேற வேற இருந்தா பிடிச்சாச்சு. ரெண்டு ரவுட்டருமே 192.168.1.1-ல இருந்தா இன்னும் மோசம், கேட்வே ஒரே மாதிரி தெரியும் ஆனா ஒரே அட்ரஸுக்கு ரெண்டு பேர் சண்டை போட்டுட்டு இருப்பாங்க. அப்போ மாடி ரவுட்டரோட கேபிள ஒரு பத்து நிமிஷம் கழட்டி வெச்சிட்டு கீழ எல்லாத்தையும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க, எல்லாம் ஒழுங்கா ஓடுச்சுன்னா குத்தவாளி அதுதான்.

சரி பண்றதுல வரிசை முக்கியம். பழைய ரவுட்டர வீட்டு நெட்வொர்க்ல இருந்து முழுசா கழட்டிட்டு லேப்டாப் மட்டும் அதோட ஒரு கேபிள்ல இருக்கட்டும். செட்டிங்ஸ்ல ஆக்சஸ் பாயிண்ட் மோடுன்னு (ரவுட்டர் வேலைய விட்டுட்டு வைஃபை மட்டும் குடுக்கறது) ஒண்ணு இருந்தா அதப் போட்டா போதும், அதுவே எல்லாத்தையும் பாத்துக்கும், அந்த மோடுல பல மாடல்ல இன்டர்நெட்னு எழுதியிருக்கற போர்ட்ல சொருகினாலும் வேலை செய்யும். இல்லன்னா கையால பண்ணணும். முதல்ல வைஃபை பேரு, பாஸ்வேர்ட் எல்லாம் போட்டு முடிங்க. அடுத்து லேன் அட்ரஸ மாத்துங்க, மெயின் ரவுட்டர் 192.168.1.1-ன்னா இதுக்கு 192.168.1.2 குடுங்க, மெயின் ரவுட்டர் மத்தவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்கற ரேஞ்சுக்குள்ள அந்த நம்பர் வராம பாத்துக்கோங்க, உதாரணத்துக்கு அது 100-லிருந்து 199 வரைக்கும் குடுத்துட்டு இருந்தா 2 பத்திரமான நம்பர். சேவ் பண்ணதும் பேஜ் தொங்கிடும், பயப்படாதீங்க, புது அட்ரஸ்ல போய் மறுபடி லாகின் பண்ணி கடைசியா டிஹெச்சிபிய ஆஃப் பண்ணுங்க. அப்புறம் மெயின் ரவுட்டர்ல இருந்து வர்ற கேபிள இதோட லேன் போர்ட்ல சொருகுங்க, இன்டர்நெட் போர்ட்ல இல்ல. டிஹெச்சிபிய முதல்லயே ஆஃப் பண்ணிட்டீங்கன்னா லேப்டாப்புக்கு அட்ரஸ் கிடைக்காம செட்டிங்ஸ் பேஜுக்கே போக முடியாம மாட்டிப்பீங்க, அதுக்குத்தான் வரிசை.

வீட்டுல எத்தனை பாக்ஸ் வேணா இருக்கலாம், டிஹெச்சிபி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்.

அட்ரஸ் 169.254-ன்னு ஆரம்பிக்குது

டிவைஸ் கேட்டுப் பாத்து யாருமே பதில் சொல்லலன்னு அர்த்தம், அதுவா ஒரு நம்பர போட்டுக்கிச்சு. வயர்ல இருந்தா கேபிள், போர்ட், ஸ்விட்சுக்குக் கரண்ட் இருக்கா இதையெல்லாம் பாருங்க. வைஃபைல மட்டும் இப்படின்னா முதல்ல அந்த ஆக்சஸ் பாயிண்டோட கேபிளப் பாருங்க. எல்லாம் நல்லா இருந்தும் புதுசா வர்ற டிவைஸுக்கு மட்டும் அட்ரஸ் கிடைக்கலன்னா ரவுட்டரோட ரேஞ்ச் நிரம்பியிருக்கலாம், சில ரவுட்டர்ல மொத்தமே இருபது முப்பது அட்ரஸ்தான் குடுக்கற மாதிரி வெச்சிருப்பாங்க, பல்பு, கேமரா, போன், டிவின்னு சேர்ந்தா காலியாயிடும். ரேஞ்ச பெருசாக்குங்க.

கேபிள் போட்டும் ஸ்பீட் 94-க்கு மேல ஏற மாட்டேங்குது

300 எம்பிபிஎஸ் பிளான், வைஃபைல 250 வருது, வயர்ல 93, 94-லயே நிக்குதுன்னா இது கம்பெனிக்காரங்க குறைச்சுக் குடுக்கறது இல்ல. உங்க வயர் 100 எம்பிபிஎஸ் லிங்க்ல ஓடுது, அதுல ஸ்பீட் டெஸ்ட் வெச்சா மேல்செலவு போக 94 சொச்சம்தான் வரும். விண்டோஸ்ல ஈதர்நெட் செட்டிங்ஸ்ல லிங்க் ஸ்பீட்னு பாருங்க, 100/100-ன்னு இருந்தா உறுதி, 1000/1000-ன்னு வரணும்.

காரணம் மூணுல ஒண்ணு. ஸ்விட்சே பழசு, அதோட டப்பாவுலயோ அடியிலயோ 10/100-ன்னு மட்டும் எழுதியிருக்கும், 1000 இருக்காது. இல்லன்னா ரவுட்டரோட லேன் போர்ட்டே 100-தான், வைஃபை ஸ்பீட பெரிய எழுத்துல போட்டுட்டு போர்ட்ட 100-லயே விட்டிருக்கற மாடல் நிறைய இருக்கு, வாங்கும்போதே ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) போர்ட்டான்னு பாக்கறது நல்லது. மூணாவதுதான் ரொம்ப சகஜம், கேபிள்ல ஒரு கம்பி போயிருக்கும்.

கேபிள்க்குள்ள எட்டு கம்பி, ரெண்டு ரெண்டா முறுக்கி நாலு ஜோடி. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6-ங்கற நாலு கம்பியே போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேணும். அதனால நீலமோ பிரவுனோ ஒண்ணு கட்டாயிடுச்சுன்னா நெட் நிக்காது, சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும், யாருக்கும் வருஷக்கணக்குல தெரியாது. முனைய கையில எடுத்து, கிளிப் கீழ்ப்பக்கமும் நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கமும் போற மாதிரி திருப்பி, வெளிச்சத்துல பாருங்க. பிளாஸ்டிக்குக்குள்ள இடப்பக்கத்துல இருந்து வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன்னு வரிசையா தெரியணும், எட்டு கம்பியோட நுனியும் முன்சுவர்ல போய் முட்டியிருக்கணும். ஒண்ணு மட்டும் ஒரு மில்லிமீட்டர் உள்ள நின்னுட்டு இருந்தா அதுதான் வியாதி. வெளியுறை பிளக்குக்குள்ள கொஞ்சமாவது போயிருக்கணும், வெளிய முறுக்கு பிரிஞ்ச கம்பி அரை இன்ச்சுக்கு மேல தெரிஞ்சா வெட்டி எறிஞ்சிட்டு மறுபடி கிரிம்ப் பண்ணுங்க, அதாவது புது பிளக்க கருவியால அழுத்திப் பொருத்துங்க.

இங்க ஒரு சூட்சுமம் இருக்கு. சிலர் ரெண்டு முனையிலயும் ஒரே வரிசை இருந்தா போதும்னு நினைச்சு ஜோடி ஜோடியா பக்கத்துல பக்கத்துல வெச்சு கிரிம்ப் பண்ணிடறாங்க. எட்டு லைட் எரியற சின்ன டெஸ்டர்ல வெச்சா எட்டும் அழகா எரியும், ஆனா 3-ம் 6-ம் ஒரே ஜோடி கம்பியா இருக்கணுங்கற விதி உடைஞ்சிருக்கும், அதனால சிக்னல் ஒண்ணோட ஒண்ணு கலந்து லிங்க் விட்டு விட்டு வரும், நீளமான கேபிள்ல சுத்தமா வராது. டெஸ்டர் பாஸ்னு சொல்லியும் நெட் தகராறு பண்ணா கலர் வரிசைய கண்ணால பாருங்க. இன்னொண்ணு, சுவத்துக்குள்ள போடறதுக்கு முழு காப்பர் கேபிளா பாத்து வாங்குங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசின கேபிள் சீக்கிரம் ஒடியும், கேட் 5இ-யே ஜிகாபிட்டுக்கு 100 மீட்டர் வரைக்கும் தாங்கும், வீட்டுக்கு அது தாராளம்.

வயர் லிங்க் அப்பப்ப போய் வருதுன்னா, பிளக்ல கிளிப் உடைஞ்சிருக்கான்னு பாருங்க, அதுக்கப்புறம் நெட்வொர்க் கார்டு செட்டிங்ஸ்ல எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட்ட (கரண்ட் மிச்சப்படுத்தற ஆப்ஷன்) ஆஃப் பண்ணிப் பாருங்க, பல இடத்துல அதோட நின்னுடும்.

எல்லாமே ஒரே நேரத்துல நின்னு போச்சு, ஸ்விட்ச் லைட்டெல்லாம் வெறி பிடிச்ச மாதிரி மின்னுது

சாதாரணமா லைட்டுங்க ஆளுக்கொரு தாளத்துல மின்னும். எல்லாம் சேர்ந்து ஒரே வேகத்துல நிக்காம மின்னிட்டே இருந்து, வயர், வைஃபை ரெண்டுமே செத்துப்போச்சுன்னா எங்கயோ லூப் ஆயிருக்கு. வீடு துடைக்கும்போது சும்மா தொங்கற கேபிள் முனைய யாராவது பக்கத்து போர்ட்ல சொருகியிருப்பாங்க, ரெண்டு முனையும் ஒரே ஸ்விட்ச்ல இருக்கும், அல்லது ரெண்டு ஸ்விட்சுக்கு நடுவுல ரெண்டு கேபிள் போகும். வீட்டு ஸ்விட்சுங்க பெரும்பாலும் இத தானா கண்டுபிடிக்காது, வந்த டேட்டாவையே சுத்தி சுத்தி அனுப்பிட்டு இருக்கும். ஒவ்வொரு கேபிளா பிடுங்குங்க, எத பிடுங்கினதும் லைட் அமைதியாகுதோ அதுதான். மெஷ் பாக்ஸுக்குக் (பல பாக்ஸ் சேர்ந்து ஒரே வைஃபையா வேலை செய்யற வகை) கேபிளும் போட்டிருந்தா அது வயர் பேக்ஹாலுக்கு, அதாவது பாக்ஸுங்க வயர் வழியா பேசிக்கறதுக்கு, மாறியிருக்கான்னு அதோட ஆப்ல பாத்துக்கோங்க.

வைஃபை முழு சிக்னல், ஆனா இழுக்குது

முதல்ல சொன்னபடி அந்த ஆக்சஸ் பாயிண்டோட கேபிள்ல லேப்டாப்ப சொருகிப் பாத்தாச்சு, வயர் நல்லா இருக்குன்னா மட்டும் மேல படிங்க.

வைஃபைக்கு ரெண்டு அலைவரிசை, போன் 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல இருக்கா 5-ல இருக்கான்னு பாருங்க. 2.4 தூரம் போகும், சுவர தாண்டும், ஆனா நெரிசல் அதிகம், அக்கம்பக்கத்து வீட்டு வைஃபை, புளூடூத், மைக்ரோவேவ் எல்லாம் அங்கதான். அதுல சேனல் 1, 6, 11 மூணும்தான் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாதது, அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். காலியா இருக்குன்னு 3-லயோ 8-லயோ போட்டா ரெண்டு பக்கத்து ஆளோட தொல்லையும் சேர்ந்து வரும். வீட்டுல ரெண்டு ஆக்சஸ் பாயிண்ட் இருந்தா கீழ 1, மேல 11-ன்னு பிரிச்சு வைங்க. ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்ட் இருக்கலாம், சேனல்தான் வேற வேற இருக்கணும்.

ரவுட்டர்லயோ லேப்டாப்லயோ யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகியிருந்தா அதயும் கவனிங்க, அது வேலை செய்யும்போது 2.4-ல இரைச்சல் கிளப்பும். கேபிள் நீளமா வெச்சு டிஸ்க தள்ளி வெச்சா அடங்கிடும்.

வயர் இல்லாம சுவத்துல சொருகற எக்ஸ்டெண்டர் வெச்சிருந்தா, ஒரே ரேடியோவ வெச்சு வாங்கவும் குடுக்கவும் செய்யறதால ஸ்பீட் கிட்டத்தட்ட பாதியாயிடும், அது அதோட இயல்பு. அந்த இடத்துக்கு ஒரு கேபிள் இழுக்க முடிஞ்சா இழுத்து ஆக்சஸ் பாயிண்டா போட்டுடுங்க. எந்த செட்டிங்க மாத்தினாலும் அந்த ஒரு கேபிளுக்கு ஈடாகாது, இத நான் அடிச்சுச் சொல்லுவேன்.

மாடிக்குப் போனாலும் போன் கீழ இருக்கற வைஃபையையே பிடிச்சுத் தொங்குது

எந்த ஆக்சஸ் பாயிண்டுக்கு மாறணும்னு முடிவு பண்றது போன்தான், ரவுட்டர் இல்ல. பழைய சிக்னல் கொஞ்சமாவது உயிரோட இருந்தா பல போன் விடாது. அதனால கீழ் ரவுட்டரோட பவரைக் குறைங்க, குறிப்பா 2.4-ல, ஹைல இருந்து மீடியம். கேக்க தலைகீழா இருக்கும், ஆனா கீழ இருந்து வர்ற சிக்னல் மாடியில பலவீனமானாத்தான் போன் புதுச தேடும். சிக்னல் காட்டற ஆப் இருந்தா, ரெண்டும் சந்திக்கற இடமான மாடிப்படி நடுவுல -70 டிபிஎம் (சிக்னல் பலத்தோட அளவு, பூஜ்யத்துக்குக் கிட்ட போகப் போக பலம் அதிகம்) பக்கத்துல இருந்தா நல்லது, ரெண்டுமே -50-ல அடிச்சா ரெண்டும் ரொம்ப கிட்ட இருக்குன்னு அர்த்தம். 802.11 கே, வி, ஆர்னு (போன் வேற ஆக்சஸ் பாயிண்டுக்கு மாற உதவறது) ஆப்ஷன் இருந்தா கே, வி ரெண்டையும் தயங்காம ஆன் பண்ணுங்க, ஆர் போட்டதும் பழைய டிவைஸ் ஏதாவது சேர மறுத்தா அத மட்டும் எடுத்துடுங்க.

5 ஜிகாஹெர்ட்ஸ் திடீர்னு காணாம போகுது, கொஞ்ச நேரத்துல வருது

சேனல் 52-லிருந்து 144 வரைக்கும் இருக்கறத ரேடாரும் உபயோகிக்குது. ரவுட்டர் அங்க போய் உக்காரணும்னா முன்னாடி ஒரு நிமிஷமாவது காது குடுத்துக் கேக்கணும், ரேடார் மாதிரி ஏதாவது கேட்டா உடனே கிளம்பணும், அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் வரக்கூடாது. ரவுட்டர ஆட்டோல விட்டா அங்க போய் மாட்டும். சேனல் 36-ல கையால வெச்சுடுங்க, பெரும்பாலும் தீந்துடும்.

கம்ப்யூட்டர் வயர்ல, பிரிண்டர் வைஃபைல, ஒண்ணையொண்ணு பாக்க மாட்டேங்குது

நெட் ரெண்டுக்கும் வருது, ஆனா ஒண்ணுக்கு இன்னொண்ணு தெரியல. ரெண்டோட அட்ரஸையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க, முதல் மூணு பகுதி ஒண்ணா இல்லன்னா, ஒண்ணு 192.168.1, இன்னொண்ணு 192.168.0-ன்னு இருந்தா, நடுவுல ஒரு ரவுட்டர் ரவுட்டராவே உக்காந்திருக்கு, மேல சொன்ன ஆக்சஸ் பாயிண்ட் வேலைய முடிங்க. அட்ரஸ் ஒரே குடும்பமா இருந்தும் தெரியலன்னா பிரிண்டர் கெஸ்ட் வைஃபைல இருக்கான்னு பாருங்க, கெஸ்ட்டோட வேலையே உள்ள இருக்கறவங்கள பாக்க விடாம தடுக்கறது. ஏபி ஐசோலேஷன்னு ஒரு ஆப்ஷன் சாதாரண வைஃபைலயே ஆன்ல இருந்தாலும் இதே கதைதான். விண்டோஸ்ல அந்த நெட்வொர்க் பப்ளிக்னு இருந்தா பிரைவேட்டுக்கு மாத்துங்க.

நேத்து வரைக்கும் பிரிண்ட் வந்துச்சு, இன்னைக்கு பிரிண்டருக்குக் கேபிள் போட்டதும் நின்னுச்சுன்னா, அதோட வைஃபைக்கு ஒரு மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல அடையாளம் காட்டற நம்பர்), கேபிள் போர்ட்டுக்கு வேற மேக் அட்ரஸ், அதனால புது ஐபி வந்திருக்கும், கம்ப்யூட்டர் பழைய நம்பர்லயே தேடிட்டு இருக்கும். ரவுட்டர்ல கேபிள் பக்கத்து மேக் அட்ரஸுக்கு ஒரு ஐபிய நிரந்தரமா ஒதுக்கிட்டு பிரிண்டர புதுசா சேருங்க. போனுக்கு இப்படி ஒதுக்கும்போது ஆண்ட்ராய்ட் 10, ஐஓஎஸ் 14-ல இருந்து போன் ஒவ்வொரு வைஃபை பேருக்கும் ஒரு பொய் மேக் அட்ரஸ காட்டுங்கறத ஞாபகம் வெச்சுக்கோங்க, வீட்டு வைஃபைக்கு மட்டும் அத ஆஃப் பண்ணிடலாம்.

ஸ்மார்ட் பிளக், பல்பு சேரவே மாட்டேங்குது

அதுங்க பெரும்பாலும் 2.4 மட்டும்தான் பேசும். செக்யூரிட்டி டபிள்யூபிஏ3 மட்டும்னு இருந்தா டபிள்யூபிஏ2-வும் சேர்ந்த மோடுக்கு மாத்துங்க, சேர்க்கற நேரத்துக்கு மட்டும் 5-ஐ ஆஃப் பண்ணிட்டு, சேர்ந்ததும் திரும்ப ஆன் பண்ணுங்க.

பிங் போகுது, வெப்சைட் திறக்கல

பிங் கமாண்ட்ல (ஒரு அட்ரஸ்ல இருந்து பதில் வருதான்னு பாக்கறது) 8.8.8.8 அடிச்சா பதில் வருது, பேர அடிச்சா வரலன்னா டிஎன்எஸ், அதாவது வெப்சைட் பேர அட்ரஸா மாத்தற வேலை, அதுல பிரச்சனை. ரவுட்டர்ல டிஎன்எஸ்ஸுக்கு 1.1.1.1, 8.8.8.8 ரெண்டையும் போடுங்க, டிவைஸ் டிவைஸா போட வேண்டாம்.

யாராவது போட்டோ அப்லோட் பண்ணா வீடியோ கால் திக்குது

ரவுட்டருக்கு வயர்ல நேரா சொருகி பிங் ஓட விட்டுட்டு ஒரு பெரிய ஃபைல அப்லோட் பண்ணுங்க. சும்மா இருக்கும்போது 10 மில்லிசெகண்ட் வந்தது 300, 400-க்கு எகிறினா வைஃபை மேல குத்தம் இல்ல, அப்லோட் பைப் நிரம்பி வரிசை கட்டி நிக்குது. ரவுட்டர்ல கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம்னு (இந்த வரிசைய ஒழுங்குபடுத்தற ஆப்ஷன்) இருந்தா அப்லோட உங்க நிஜ ஸ்பீடுல 85, 90 சதவீதத்துக்கு மட்டுப்படுத்துங்க. மொத்த ஸ்பீட் கொஞ்சம் குறையும், பேச்சு திக்காது.

வெளிய இருந்து வீட்டுக் கேமராவ பாக்க முடியல, போர்ட் ஃபார்வர்ட் (வெளிய இருந்து வர்றத கேமராவுக்கு அனுப்பற செட்டிங்) போட்டும்

ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல இன்டர்நெட் ஐபி என்னன்னு பாருங்க. 192.168 அல்லது 10-ன்னு ஆரம்பிச்சா, இல்ல 172.16-லிருந்து 172.31-க்குள்ள இருந்தா, பெரும்பாலும் முன்னாடி இருக்கற ஃபைபர் பாக்ஸும் ரவுட்டரா வேலை செய்யுது, அத பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலைய விட்டுட்டு லைன மட்டும் கடத்தறது) மாத்தச் சொல்லி கம்பெனிக்காரங்ககிட்ட கேளுங்க. ஃபைபர் பாக்ஸ் ஏற்கனவே பிரிட்ஜ்ல இருந்தும் இப்படியே காட்டுச்சுன்னாலும், 100.64-லிருந்து 100.127-க்குள்ள இருந்தாலும், ஒரே பப்ளிக் ஐபிய கம்பெனிக்காரங்க பல வீட்டுக்குப் பங்கு போட்டிருக்காங்க, உங்க ரவுட்டர்ல என்ன பண்ணாலும் திறக்காது, தனி ஐபி கேக்கணும் அல்லது ஐபிவி6 (புது வகை ஐபி அட்ரஸ்) வழியா போகணும்.

எதுவும் முடியல, ரீசெட் பண்ணிடலாமா

பண்ணலாம், ஆனா பின் வெச்சு அழுத்தறதுக்கு முன்னாடி இன்டர்நெட் செட்டிங்ஸ் பேஜ போட்டோ எடுத்துக்கோங்க. பிபிபிஓஇ (நெட் கம்பெனி லாகின்) யூசர்நேம் இருந்தா அதோட பாஸ்வேர்ட், விலேன் ஐடி நம்பர் (லைனுக்குக் கம்பெனி வெச்சிருக்கற நம்பர்), இதெல்லாம் ரீசெட்ல அழிஞ்சிடும், பாஸ்வேர்ட் புள்ளி புள்ளியா மறைஞ்சிருந்தா கம்பெனிக்காரங்ககிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வைங்க. மாடி பாக்ஸ ரீசெட் பண்ணா அதோட டிஹெச்சிபி திரும்ப ஆன் ஆயிடும், கேபிள பிடுங்கிட்டு ரீசெட் பண்ணுங்க, டிஹெச்சிபிய ஆஃப் பண்ணதுக்கு அப்புறம்தான் சொருகணும்.